பள்ளி நூலகத்தை மறுசீரமைத்தலும் இடம் மாற்றுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி நூலகத்தைப் புதிய அறைக்கோ புதிய கட்டடத்துக்கோ கொண்டுசெல்லும் பொறுப்பு வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய ஒரே ஐயங்களையே எழுப்புகிறார்கள். நூலகவியல் படித்தவரும் கேட்கிறார். நூலகப் பொறுப்பைக் கூடுதல் வேலையாக ஏற்றுக்கொண்ட மொழியாசிரியரும் கேட்கிறார். அக்கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக உள்ள கருத்து ஒன்றுதான்: நூல்கள் பழைய தட்டில் இருக்கும்போதே முடிவுகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும், மாற்றும் நாளில் சுமக்கும் வேலை மட்டுமே மிஞ்ச வேண்டும்.

நூலகத்தை வேறு அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். முதலில் எதில் கை வைப்பது?

அளவுநாடாவில். பெரும்பாலோர் அட்டைப்பெட்டி தேடுவதில் தொடங்குகிறார்கள். பெட்டி கடைசியில் வர வேண்டிய பொருள். முதலில் பழைய அறையிலும் புதிய அறையிலும் நின்று, இரண்டுக்கும் கையாலேயே ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். புதிய அறையின் நீள அகலத்தோடு கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சன்னலின் அடிவிளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, மின்பலகையும் தூணும் எங்கே உள்ளன, பிற்பகல் வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்பனவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். வெயில் நேரடியாக விழும் சுவரில் அலமாரி வைத்தால் நூல்களின் முதுகு வெளுத்து, ஒட்டிய எண்களும் மங்கிவிடும்.

அதன் பின் கழித்தல் (பயன்படாத நூல்களை நீக்குதல்), வரிசையைச் சரிசெய்தல், நூல்களின் அளவெடுப்பு, புதிய அறையில் ஒவ்வொரு தட்டுக்கும் உரிய பிரிவைக் காகிதத்தில் முடிவுசெய்தல், கடைசியாகச் சுமப்பது என்ற ஒழுங்கில் வேலை போகட்டும். இந்த ஒழுங்கை மாற்றினால் ஒரே நூலை இரண்டு மூன்று முறை தூக்க வேண்டி வரும்.

எங்களிடம் எத்தனை புத்தகம் இருக்கிறது என்று பதிவேட்டில் உள்ளது. அது புதிய அறையில் அடங்குமா என்று எப்படிக் கணக்கிடுவது?

எண்ணிக்கையை வைத்து இடத்தைக் கணிக்க முடியாது. படக்கதை நூல் ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிமன் இராது. கலைக்களஞ்சியத் தொகுதி ஐந்து சென்டிமீட்டரைத் தொடும். ஆகவே நூல்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அவை தட்டில் அடைக்கும் நீளத்தை அளக்க வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் நூல்களை இடைவெளியின்றி ஒருபக்கமாக நகர்த்தி, நாடாவை வைத்துச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே கூட்டுங்கள்.

எடுத்துக்காட்டாக, இலக்கியப் பிரிவு மட்டும் 21.6 மீட்டர் வருகிறது என்று கொள்வோம். புதிய அலமாரியின் தட்டு 90 சென்டிமீட்டர் அகலம். அதில் முக்கால் பங்கு, அதாவது 67.5 சென்டிமீட்டர் மட்டுமே நிரப்புவதாக முடிவுசெய்கிறோம். 21.6 மீட்டரை 0.675ஆல் வகுத்தால் 32 தட்டுகள். ஓர் அலமாரிக்கு ஐந்து தட்டு என்றால் ஆறு அலமாரிகள் நிறைந்து, ஏழாவதில் இரண்டு தட்டுகள் தேவைப்படும். அதில் எஞ்சும் மூன்று தட்டுகளில் அடுத்த பிரிவைத் தொடங்கலாம்.

இரவலாக வெளியே சென்றிருக்கும் நூல்கள், அதாவது மாணவர் கையில் உள்ளவை, இந்த அளவில் வராது என்பதை மறக்கக் கூடாது. கதைப் பிரிவில் அவை கணிசமாக இருக்கும். ஆண்டு விடுமுறைக்கு முன், எல்லா நூல்களும் திரும்பிய நிலையில் அளப்பதே சரியான அளவைத் தரும். உயரத்தையும் ஒருமுறை பாருங்கள்: 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நிலப்படத் தொகுப்புகளும் பெரிய படநூல்களும் வழக்கமான தட்டில் நிற்காமல் படுக்க நேரிடும், அவற்றுக்கு உயரமான தட்டு தனியே வேண்டும்.

கால் பங்கு காலியாக விடுவது இடத்தை வீணாக்குவது ஆகாதா? தலைமையாசிரியர் கேட்கிறார்.

ஆகாது. இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்தில் கடைசி விதி, நூலகம் வளரும் உயிரி என்பது. அது மேடையில் சொல்வதற்கான வாசகம் அன்று, தட்டுக் கணக்கு. நிறைந்த தட்டில் ஒரு புதிய நூலை உரிய இடத்தில் செருக வேண்டுமானால் அடுத்த தட்டுகள் பலவற்றை நகர்த்த வேண்டும். அதற்குச் சலித்துப் பலரும் புதிய நூல்களை வரிசையின் மேலேயே படுக்கவைக்கிறார்கள். ஓராண்டில் வரிசை என்பதே இல்லாமல் போய்விடுகிறது. மேலும், இறுக அடைத்த தட்டிலிருந்து சிறுவர்கள் நூலின் தலைப்பகுதியைப் பற்றி இழுப்பதால்தான் முதுகு கிழிகிறது.

எல்லாப் பிரிவுக்கும் ஒரே அளவு காலியிடம் தேவையில்லை. இனி தொகுதி வராத பழைய களஞ்சியத்துக்கு வளர்ச்சி இடம் எதற்கு? அந்த இடத்தைக் கதைப் பிரிவுக்குக் கொடுங்கள்.

பழைய புத்தகங்களை இப்போது கழிப்பதா, புதிய இடத்துக்குப் போன பிறகு கழிப்பதா?

போவதற்கு முன்பே. எவருக்கும் பயன்படாத நூலை அளந்து, பெட்டியிலிட்டு, சுமந்து, மீண்டும் அடுக்கி, பிறகு கழிப்பது வீண் உழைப்பு. அதோடு, புதிய அறையில் ஒருமுறை அழகாக அடுக்கிவிட்ட பின் கழிக்க மனம் வராது.

உள்ளடக்கம் பழையதாகிவிட்டதா என்பதே முதல் கேள்வி. புளூட்டோவை ஒன்பதாவது கோளாகச் சொல்லும் வானியல் நூல் 2006க்கு முற்பட்டது. அந்த ஆண்டில்தான் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதைக் குறுங்கோள் என வகைப்படுத்தியது. தெற்கு சூடான் இல்லாத நிலப்படத் தொகுப்பு 2011க்கு முற்பட்டது. தனிம அட்டவணையின் ஏழாவது வரிசையில் பெயரிடப்படாத கட்டங்கள் இருந்தால் அந்த வேதியியல் நூல் 2016க்கு முந்தையது. இத்தகைய அடையாளங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பாட ஆசிரியரின் உதவியோடு அறிவியல் பிரிவை விரைவாகப் பார்த்து முடிக்கலாம். அடுத்தது உடல்நிலை: பக்கம் உதிர்வது, பாதி காணாமற்போனது, பூஞ்சை பிடித்தது. மூன்றாவதாகத்தான் எத்தனை ஆண்டுகளாக யாரும் எடுக்கவில்லை என்பதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் எடுக்கப்படாமைக்கு நூல் காரணமாக இராமல், அது கைக்கெட்டாத மேல்தட்டில் இருந்ததும் காரணமாக இருக்கலாம்.

பள்ளியின் ஆண்டுமலர்கள், அந்தப் பகுதியின் வரலாறு பற்றிய நூல்கள், மறுபதிப்பு காணாத நூல்கள் ஆகியவை எவ்வளவு பழையவையானாலும் இந்த அளவுகோலுக்குள் வாரா. அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

கழித்த புத்தகங்களை வெளியே அனுப்பினால் தணிக்கையில் சிக்கல் வராதா?

ஆவணமின்றி அனுப்பினால் வரும். கழிக்கவிருக்கும் நூல்களின் சேர்க்கை எண் (நூலகத்தில் சேர்த்தபோது பதிவேட்டில் கொடுத்த எண்), தலைப்பு, காரணம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, உங்கள் நிர்வாக விதிப்படி ஒப்புதல் வாங்கிய பின்னரே நூல் அறையை விட்டு வெளியேற வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் அந்த வரியை அழிக்கக் கூடாது; குறிப்புக் கட்டத்தில் நீக்கிய நாளையும் ஒப்புதல் எண்ணையும் எழுதுங்கள். அந்தச் சேர்க்கை எண்ணை வேறு நூலுக்கு மறுபடியும் கொடுக்காதீர்கள். நூலில் உள்ள பள்ளி முத்திரையின் மேல் ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரையும் விழ வேண்டும். இல்லாவிட்டால் நல்லெண்ணம் கொண்ட யாராவது அதைத் திருப்பிக் கொண்டுவந்து தருவார்.

எங்களுக்கு மாடியில் ஒரு வகுப்பறையை ஒதுக்கியிருக்கிறார்கள். போகலாமா?

பொறியாளரைக் கேட்காமல் போக வேண்டாம். அடுக்கிய நூல்கள் மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். மேலே சொன்ன ஐந்து தட்டு அலமாரி நிறைந்தால் 4.5 மீட்டர், அதாவது 135 கிலோ. அலமாரியின் எடை வேறு. அது நிற்கும் தரையோ 90க்கு 30 சென்டிமீட்டர் மட்டுமே. சதுர மீட்டருக்கு மாற்றிப் பார்த்தால் அந்த இடத்தில் 500 கிலோ இறங்குகிறது. வகுப்பறைத் தளங்கள் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிலோ வரையிலான பளுவைக் கருதியே வடிவமைக்கப்படுகின்றன. நூல் அடுக்கு அறைகளுக்குக் கட்டட விதிகள் அதைப் போல இரு மடங்கோ அதற்கு மேலோ கேட்கின்றன. நடைபாதையின் வெற்றிடம் பளுவைச் சற்றுப் பரப்பிக் கொடுக்கும் என்பது உண்மைதான். அது போதுமா என்பதைத் தீர்மானிப்பது நம் வேலையன்று.

பொறியாளர் ஒப்பினாலும் அலமாரிகளைத் தாங்கு சுவர் ஓரமாக நிறுத்தி, அறையின் நடுவைப் படிப்பு மேசைகளுக்கு விட்டுவிடுவது நல்லது. சக்கர நாற்காலியில் வரும் மாணவர் எப்படி மேலே வருவார் என்ற கேள்விக்கும் அப்போதே பதில் வேண்டும். தரைத்தளமானாலும் அலமாரிகளுக்கு இடையே குறைந்தது 90 சென்டிமீட்டரும், நாற்காலி திரும்பும் இடத்தில் 150 சென்டிமீட்டர் வட்டமும் விடுங்கள்.

எப்படியும் எல்லாவற்றையும் எடுத்துத்தான் வைக்கப்போகிறோம். பகுப்பு முறையையும் சேர்த்தே மாற்றிவிடலாமா?

வேண்டாம். இந்த ஆசை எல்லோருக்கும் வருகிறது. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே புதிய எண் ஒட்டி அடுக்கிவிடலாம் என்று தோன்றும். நடைமுறையில் ஒரு நூலுக்குப் பகுப்பெண், அதாவது அதன் பொருளைக் குறிக்கும் எண், தீர்மானித்து, லேபிளை மாற்றி, பட்டியலிலும் திருத்த ஐந்து நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், மூவாயிரம் நூல்களுக்கு 250 மணி நேரம் வேண்டும். அத்தனை நாளும் பெட்டிகள் திறந்தபடி கிடக்கும். பாதி நூல்கள் பழைய எண்ணிலும் பாதி புதிய எண்ணிலும் இருக்கும். தேடும் மாணவருக்கு எதுவும் கிடைக்காது.

பகுப்பு முறையை மாற்றத்தான் வேண்டுமென்றால், இடம் மாறுவதற்கு ஒரு பருவம் முன்பாகப் பழைய அறையிலேயே பிரிவு பிரிவாக முடியுங்கள். அல்லது புதிய அறையில் நூலகம் நிலைபெற்ற பிறகு தொடங்குங்கள். நான் முன்னதையே சொல்வேன், ஏனெனில் பிரிவுகளின் நீளம் மாறினால் தட்டுக் கணக்கும் மாறும்.

எங்கள் பதிவேட்டில் ‘அலமாரி 3, தட்டு 2’ என்றுதான் எழுதியிருக்கிறது. பகுப்பெண்ணே இல்லை. நாங்கள் என்ன செய்வது?

மேலே சொன்ன தடைக்கு விலக்கு உங்களுக்குத்தான். நூலை அலமாரியோடு கட்டிப்போட்ட முறை இது. அலமாரி நகர்ந்தால் பதிவேடு முழுவதும் பொய்யாகிவிடும். 1876இல் வெளிவந்த டியூயி தசமப் பகுப்பு முறை இந்தக் கட்டை அவிழ்த்தது. அதில் எண், நூல் நிற்கும் இடத்தைச் சொல்லாமல் நூலின் பொருளைச் சொல்கிறது. எந்த அறைக்குப் போனாலும் ஒரு நூலுக்கு முன்னும் பின்னும் நிற்கும் நூல்கள் மாறுவதில்லை.

முழு எண்ணும் உடனே தேவையில்லை. தமிழ் இலக்கியத்துக்கு 894.811, நாட்டுப்புறக் கதைகளுக்கு 398.2, கணிதத்துக்கு 510, விலங்கியலுக்கு 590 என்ற அளவில் மூன்றிலக்கம் அல்லது அதற்குச் சற்றே கூடுதலாக, ஆசிரியர் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளோடு ஒட்டினால் பள்ளி நூலகத்துக்குப் போதும். அதை முடித்துவிட்டே இடம் மாறுங்கள்.

மாணவர்களுக்கு இந்த எண்களே புரிவதில்லை. துப்பறியும் கதை, அறிவியல் கதை, நகைச்சுவை என்று வகை வாரியாக அடுக்கினால் என்ன?

கதைப் பிரிவுக்கு அது நன்றாகவே பொருந்தும். எல்லாத் தமிழ் நாவல்களும் ஒரே எண்ணின் கீழ் ஆசிரியர் வரிசையில் நிற்கும்போது, பேய்க்கதை தேடும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வரிசை எந்த உதவியும் செய்யாது. வகைகள் எட்டுக்கு மிகாமல் இருக்கட்டும். இரண்டு வகையிலும் சேரக்கூடிய நூலுக்கு ஒரே இடம் என்று முதலிலேயே விதி வையுங்கள். முதுகில் பழைய எண்ணின் மேல் வகைக்குரிய வண்ணப்பட்டை மட்டும் ஒட்டுங்கள். எண்ணைக் கிழிக்காதீர்கள், என்றேனும் பழைய முறைக்குத் திரும்ப நேரலாம்.

அறிவியல், வரலாறு போன்ற தகவல் நூல்களில் இதைச் செய்ய நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே எண்களே பொருள்வாரியாகத்தான் நிற்கின்றன. தட்டின் விளிம்பில் ‘விண்வெளி’, ‘பறவைகள்’ என்று பெரிய எழுத்தில் பெயர்ப்பட்டை வைத்தாலே குறை தீர்ந்துவிடும்.

பெட்டியில் எப்படி வைப்பது? போன முறை பெட்டிகளைப் பிரித்தபோது எல்லாம் கலந்து கிடந்தது.

சிறிய பெட்டியே நல்ல பெட்டி. பெரிய பெட்டியில் நூல் நிறைத்தால் இருவர் சேர்ந்தும் தூக்க முடியாது, அடி பிய்த்துக்கொள்ளும். அரைத் தட்டுக்கு ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டால் எடை பத்துக் கிலோவை ஒட்டி நிற்கும், வரிசையும் கெடாது. நூல்களைப் படுக்கையாக அடுக்கலாம். அல்லது முதுகு கீழே இருக்குமாறு வைக்கலாம். பக்கங்களின் திறந்த விளிம்பு கீழே வருமாறு வைத்தால் உள்தாள்களின் எடையே நூற்கட்டை (பைண்டிங்கை) பிய்த்துவிடும்.

பெட்டியின் மூடியில் எழுதினால் அடுக்கியபின் தெரியாது, பக்கவாட்டில் எழுதுங்கள். எழுத வேண்டியவை நான்கு: பெட்டியின் தொடர் எண், எந்தத் தட்டிலிருந்து வந்தது, எந்தத் தட்டுக்குப் போகிறது, உள்ளே உள்ள முதல் நூலின் எண்ணும் கடைசி நூலின் எண்ணும். ‘118. அ4-2இலிருந்து இ7-3க்கு. 894.811 கா முதல் 894.811 சு வரை’ என்று எழுதிய பெட்டியை நூலகமே அறியாத ஒருவர்கூட உரிய அலமாரியின் முன் கொண்டுபோய் வைத்துவிடுவார். புதிய அலமாரிகளில் ‘இ7-3’ என்ற சீட்டுகள் முன்னதாகவே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பிரித்த பெட்டியின் எண்ணைப் பட்டியலில் அடித்துக்கொண்டே வந்தால் எது வந்து சேரவில்லை என்பது அன்று மாலையே தெரியும்.

மாணவர்களை வைத்துச் செய்யலாமா?

தூசி தட்டுவது, சீட்டு எழுதுவது, நீளம் அளப்பது, அடுக்கிய வரிசையைச் சரிபார்ப்பது ஆகியவற்றில் உயர்வகுப்பு மாணவர்கள் மிக நன்றாகப் பயன்படுவார்கள். பெட்டி தூக்குவதையும் அலமாரி நகர்த்துவதையும் பெரியவர்களே செய்ய வேண்டும். கையிலிருந்து கைக்கு நூல் மாற்றும் நீண்ட வரிசை புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். நூலின் வரிசை குலைவது அங்கேதான்.

எத்தனை நாள் நூலகத்தை மூட வேண்டியிருக்கும்?

உங்கள் அறையையும் ஆட்களையும் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது, நீங்களே கண்டுபிடிக்கலாம். ஓர் அலமாரியை மட்டும் முழுமையாக, பெட்டியிடுவது முதல் புதிய இடத்தில் அடுக்குவது வரை, கடிகாரம் பார்த்துச் செய்து பாருங்கள். அந்த நேரத்தை அலமாரிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, களைப்புக்கும் தடங்கலுக்கும் மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். மூடுவதற்கு முன் வாரத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாக நூல்களை வழங்கி, திருப்பித் தரும் நாளைத் திறப்புக்குப் பின் வைத்தால், மூடியிருக்கும் காலத்தில் படிக்கவும் நூல் இருக்கும், சுமக்க வேண்டிய நூல்களும் குறையும். ஆனால் அளவெடுப்பு அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்; காரணம் இரண்டாம் கேள்வியில் உள்ளது.

சில புத்தகங்களில் பூச்சி இருக்கிறது, சிலவற்றில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அவற்றையும் எடுத்துப்போகலாமா?

அப்படியே எடுத்துப்போனால் புதிய அறைக்கும் அவற்றைக் குடியேற்றுவீர்கள். பூச்சி உள்ள நூலைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் அடைத்து, சுழியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியசில் குறைந்தது ஒரு வாரம் உறையவைத்து, வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை விட்டுவைத்தால் பூச்சி செத்துவிடும். பூஞ்சை அப்படிச் சாகாது. உறைநிலையில் உறங்கி, ஈரம் கண்டதும் மீண்டும் எழும். ஈடு செய்ய முடியாத நூலானால் நன்றாக உலர்த்தி, முகக்கவசம் அணிந்து திறந்த வெளியில் மென்தூரிகையால் துடைக்கலாம். மற்றவற்றைக் கழிப்பதே மேல். மர அலமாரிகளின் பின்பலகையையும் தட்டிப் பாருங்கள். கரையான் அங்கே இருந்தால் நூலைச் சுத்தம் செய்து பயனில்லை.

புதுக் கட்டடத்தில் சுவர்ப்பூச்சு பல வாரங்களுக்கு ஈரத்தை வெளிவிடும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வளரத் தொடங்கும் என்பதால், ஈரப்பதமானி ஒன்றை அங்கே வைத்துச் சில நாள் பார்த்த பின் நூல்களைக் கொண்டுசெல்லுங்கள். அலமாரி சுவரை ஒட்டாமல் ஒரு கையளவு தள்ளியே நிற்கட்டும்.

இந்த அறையை உடனே காலி செய்யச் சொல்கிறார்கள். புதிய அறையோ தயாராகச் சில மாதம் ஆகும். இடையில் என்ன செய்வது?

எல்லாவற்றையும் பெட்டியில் பூட்டிவிடாதீர்கள். அதிகம் எடுக்கப்படும் நூல்களைத் தனியே பிரித்து, வகுப்பறைகளுக்குச் சிறு தொகுதிகளாகக் கொடுத்து, யாரிடம் எது என்று கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவை தரையில் படாமல் பலகை மேல், சுவரிலிருந்து விலகி, நான்கு பெட்டி உயரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். குழாய் செல்லும் அறையும் படிக்கட்டின் அடியும் ஆகாதவை. மாதம் ஒருமுறை அடிப்பெட்டி ஒன்றைத் திறந்து பாருங்கள்; ஈரமோ பூச்சியோ முதலில் அங்கேதான் தெரியும்.

கணினிப் பட்டியலில் என்ன மாற்ற வேண்டும்?

பகுப்பெண் உள்ள நூலகத்தில் மிகக் குறைவு. நூல் எந்தப் பகுதியில் உள்ளது என்ற இடக்குறியீடு மட்டுமே மாறும். கோஹா போன்ற நூலக மென்பொருள்களில் பல பிரதிகளின் இடக்குறியீட்டை ஒரே தடவையில் மாற்றும் வசதி இருக்கிறது. கழித்த நூல்களின் பதிவுகளையும் மறக்காமல் நீக்க வேண்டும். தொடங்குவதற்கு முன் தரவுத்தளத்தின் நகல் ஒன்றை வேறிடத்தில் சேமித்துவையுங்கள்.

இரண்டு பள்ளிகளை இணைத்துவிட்டார்கள். இரண்டு நூலகத்தையும் ஒன்றாக்க வேண்டும். சேர்க்கை எண்கள் மோதுகின்றனவே?

இரு பதிவேடுகளிலும் 1204 என்ற எண் இருக்கத்தான் செய்யும். எல்லா நூல்களுக்கும் புதிதாக எண் கொடுக்கத் துணியாதீர்கள். சிறிய தொகுப்பின் எண்களுக்கு முன் ஓர் எழுத்தைச் சேர்த்து ‘வ-1204’ என்று ஆக்கினால் போதும். பழைய பதிவேடும் செல்லுபடியாகும். பார்கோடுகளும் ஒன்றோடொன்று மோதினால் சிறிய தொகுப்புக்கு மட்டும் புதியவை ஒட்டுங்கள்.

அடுக்கும்போது இரு தொகுப்புகளின் நீளத்தையும் பிரிவு வாரியாகக் கூட்டி, மொத்தத்துக்கும் தட்டு ஒதுக்கி, பெரிய தொகுப்பை முதலில் அந்தத் தட்டுகளில் பரவலாக இடம் விட்டு அடுக்கி, சிறியதை இடையிடையே செருக வேண்டும். அப்போது ஒரே நூல் ஒரு பள்ளியில் 398.2இலும் மறு பள்ளியில் 894.811இலும் இருப்பது வெளிப்படும். எது என்பதைத் தலைப்புக்குத் தலைப்பு விவாதிக்காமல், நாட்டுப்புறக் கதை எதுவானாலும் 398.2 என்பது போலப் பிரிவுக்கு ஒரு விதியாக எழுதிக்கொள்ளுங்கள். மிகுதிப் பிரதிகளைக் கழிப்பது இணைத்து அடுக்கிய பிறகே இயலும். ‘முன்பே கழியுங்கள்’ என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.

எல்லாம் முடிந்தது. இருப்புச் சரிபார்ப்பை உடனே செய்துவிடலாமா?

அடுக்கி முடித்த மறுநாள் செய்ய வேண்டியது வரிசைச் சரிபார்ப்பு மட்டும்: ஒருவர் தட்டு தட்டாக எண்களை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் இடம் மாறியவற்றை உருவி எடுத்து உரிய இடத்தில் வைப்பது. பதிவேட்டோடு ஒப்பிடும் முழுச் சரிபார்ப்பை, மாணவர் கையில் உள்ள நூல்கள் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் செய்தால் காணாமற்போனதற்கும் வெளியே சென்றதற்கும் வேறுபாடு தெரியாமல் பட்டியல் நீளும். அதில் ஒரு நூல் காணவில்லை என்றால், அது இருந்த பெட்டியின் எண்ணைப் பார்த்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள பெட்டிகளின் தட்டுகளைத் தேடிய பிறகே இழந்ததாக எழுதுங்கள்.